இடம்

இருபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு வரிகளை
ஒரு வியாழக்கிழமை காலை நீக்கினாள் ஏஹா.
திரை முழுக்கச் சிவப்பு.
பேருக்கு ஒரு பச்சை வரிகூட இல்லை.
தார்த்து நகரில் பனி அப்போதுதான் நின்றிருந்தது,
உறைந்த ஆற்றின் மேல் யாரோ நடந்துபோன தடம்.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது
முப்பது வருஷத்து வேலை.

பழைய முறையில் ஜன்னல்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது.
ஒன்றில் தட்டும் கடவுச்சொல்லைப்
பக்கத்து ஜன்னல் காதுகொடுத்துக் கேட்கும்.
தான் எங்கே நிற்கிறோம், யார் மேல் சாய்ந்திருக்கிறோம்,
எந்த மூலை காலி,
எல்லாம் அதற்குத் தெரியும்.
ஒண்டுக்குடித்தனம்.

புதிய முறையில் சுவர் உண்டு.
எந்த ஜன்னலும் தான் நிற்கும் இடத்தை அறியாது.
கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.
இதில் ஏஹாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பதினோரு நாள் கழித்து ஒரு வழு அறிக்கை.
சிலி நாட்டின் தெற்குக் கடைசி, புந்தா அரேனாஸ்,
துறைமுக அலுவலகம்,
எர்மெலிந்தா ஓயார்சூன்.

"என்னிடம் ஏழு ஜன்னல்கள் உண்டு.
காற்று, ஓதம், காற்றழுத்தம்,
வரும் கப்பல், போகும் கப்பல்,
வானொலிக் குறிப்பு, ஒரு கடிகாரம்.
காலையில் கணினியைத் திறந்தால்
ஏழும் தானாகப் போய் இடப்பக்கம் நிற்கும்.
இப்போது நடுவில் குவிந்து கிடக்கின்றன.
ஒவ்வொன்றாய் இழுத்துவிடுகிறேன்.
மூளையில் ஓர் அடைப்பு வந்ததிலிருந்து
எனக்கு வலப்பக்கம் தெரியாது,
இரண்டு கண்ணிலும்.
அவசரமில்லை.
ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு கப்பலைத் தவறவிட்டேன்."

கூடவே ஒரு புகைப்படம்.
திரையின் கண்ணாடி மேல் மஞ்சள் நாடா,
மேலிருந்து கீழாக, கொஞ்சம் கோணலாக.
நாடாவுக்கு இந்தப் பக்கம் உலகம்.

ரிஹோ சொன்னான்: "ஒருவருக்காகக் கதவைத் திறந்தால்
உளவு பார்ப்பவனும் அதே கதவில்தான் வருவான்."
அவன் சொன்னதில் தவறில்லை.
அதுதான் ஏஹாவைத் தூங்கவிடவில்லை.

நாற்பத்தோரு வரி எழுதினாள்.
ஜன்னலுக்குத் தெரிய வேண்டாம்,
வீட்டுக்குத் தெரிந்தால் போதும்:
எந்த ஜன்னல் நேற்று எங்கே நின்றதென்று
ஜன்னல்களை அடுக்கும் நிரல் மட்டும்
மனசுக்குள் வைத்துக்கொள்ளும்.
யார் கேட்டாலும் வாய் திறக்காது.

"ஜன்னலுக்கு இரண்டு திரை இருந்தால்?"
"ஒரு திரையைக் கழற்றிவிட்டால்?"
"ஒரே பெயரில் இரண்டு ஜன்னல் வந்தால்?"
கேள்விகள் நியாயமானவை.
அந்த வசதிக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்கே
நான்கு வாரம் போனது.
ஆற்றில் ஐஸ் உடைந்து மிதக்கத் தொடங்கிவிட்டது.
தெற்கே எர்மெலிந்தா தினமும் காலையில்
ஏழையும் இழுத்துக்கொண்டிருந்தாள்.
ஒருநாள் எழுதினாள்:
"கடிகாரத்தை விட்டுவிட்டேன், ஆறு போதும்."

அன்று இரவு
ரொட்டி சுற்றிவந்த பழுப்புத்தாளைக் கிழித்துத்
தன் திரையின் வலப்பாதியில் ஒட்டினாள் ஏஹா.
இது சரியான ஒப்புமை இல்லை என்று அவளுக்கே தெரியும்:
தலையைத் திருப்பினால் தாள் கூடத் திரும்பாது.
இருந்தாலும் ஒட்டினாள்.

நிரலைத் தொகுத்தாள். ஓட்டினாள்.
ஐந்து ஜன்னல்கள் போய்ச் சொன்னபடி இடப்பக்கம் நின்றன.
ஆறாவதைக் காணவில்லை.
தேடப்போன சுட்டி
தாளுக்குப் பின்னால் நுழைந்தது.
சுண்டெலியை இப்படியும் அப்படியும் தேய்த்தாள்.
எங்கோ ஏதோ ஒன்று திறந்துகொள்ளும் ஓசை கேட்டது.

தாளை எடுக்கக் கை போனது.
எடுக்கவில்லை.